எடைச் சீட்டின் பின்பக்கம்

இரவு இரண்டே கால்.
எல்லையம்மன் கோயில் சிக்னலில் ஆரம்பித்து
ஜீரோ கேட் வரைக்கும் பெட்டி, பெட்டிக்குப் பின் பெட்டி.
நீலம், துருச் சிவப்பு, மறுபடி நீலம்.
நடுவில் என் எடைமேடை.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

அந்த ஓட்டையில் இருதயராஜ் கை நீட்டினால்
சீட்டு மட்டும் வராது.
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கிழித்த கட்டங்கள்
வறுத்த மீன் மடித்த எண்ணெயோடு வரும்.
"ஒண்ணு போட்டுட்டேன் தனகோட்டி மேடம்.
மாமன் தட்டில் வைப்பது, லாரி நிற்பது, மூணு எழுத்து."
போடாமல் என்ன?
திரும்பிப் பார்த்தால் நூற்றிப்பத்து வண்டி
வரிசை வரிசை என்று ஹாரன் அடிக்கிறது.

எனக்கு விட்டுப் போனது இது:
பாட்டும் சாராயமும் லாரியில் ஏற்றப்படும்.
பாரம் என்று கை எழுதிவிட்டது.
ஏன் என்று கேட்டால் கைக்குத் தெரியாது.
சிலருக்கு அது போதும்.
எனக்கு இந்தப் பக்கம் எத்தனை கிலோவோ
அந்தப் பக்கமும் அத்தனை காட்ட வேண்டும்.
ஐந்து வண்டி ஏறி இறங்கியது,
பல்லிடுக்கில் இறால் ஓடு மாதிரி உறுத்தியது.
ஆறாவது வண்டிக்காரன் ஓட்டையில் வாய் வைத்துப் பேசினான்.
வாடை அடித்தது. விளங்கியது.
பா.
ரம்.

அப்புறம் நான்தான் கெடுத்தேன்.
குழம்பிய சவால், உள்ளே போக வழி. மூன்று.
நுழைவு என்று பேனாவால், அழுத்தி.
அந்தச் சவால் அங்கே எதற்கு நிற்கிறது என்று
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் மேலிருந்து கீழே இறங்கி வந்தான்.
முட்டைக்குள் இருப்பது வதங்கினால் காசிமேட்டில் நாறும்.
கரு, வாடு. நான்கு கட்டம்.
"நாறுமாம்! எழுதினவன் துன்னுருக்கவே மாட்டான்,
எங்க வீட்ல அது மணக்கும்."
கோபத்தோடு நிரப்பப் போனால்
மூன்றாம் கட்டத்தில் என் நு உட்கார்ந்திருக்கிறது.
கருநுடு.
"இது எந்தக் கடல்ல புடிச்ச மீனு மேடம்?"

பத்து நிமிடம் சண்டை.
நுழைவு என்றால் உள்ளே போகும் வழிதானே என்றேன்.
வழிதான், பாதிக் குறிப்புக்குப் பதில், என்றான்.
மீதிப் பாதியை யார் சுமப்பது?
என் எடைக் கணக்கை எனக்கே திருப்பிப் போட்டான்.
பிறகு டயரில் சாய்ந்து, மெதுவாக,
"குழம்பியன்னா நம்மள இல்ல மேடம்.
எழுத்தக் குழப்பச் சொல்றான்."

ச. வா. ல்.
அவன் கருவாட்டின் வா முதலில் வந்து நின்றது.
ச அதன் பின்னால். ல் இருந்த இடத்திலேயே.
வாசல்.
பதினாறு வருஷமாகத் துறைமுக வாசலுக்குச் சீட்டு அடிக்கிறேன்.
நுழைவை அடித்துவிட்டு எழுதினேன்,
பேப்பர் கிழிந்தது.

மிச்சம் இரண்டே கட்டம்.
சிவன் ஏறுவது, பரீட்சைத் தாளில் எழுதுவது,
பிரியும்போது கொடுப்பது.
ராயபுரம் சர்ச்காரனுக்கு முதலாவதே இடித்தது.
திருவொற்றியூரில் பிரதோஷத்துக்குக் கூட்டம் சூழுமே,
கல்லில் படுத்திருக்குமே, என்றேன்.
"அது பேரு நந்தி இல்ல?"
இன்னொரு பேர் இருக்கிறது, பழசு.
இரண்டாவது, பத்தாவது கணக்கில் எனக்கு வராதது.
சிரித்தான். "எனக்கு எட்டாவதுலயே வரல."
எழுதினான். பேனாவை எடுக்காமல் கேட்டான்,
சரி, மூணாவது எப்படி?

முன்னால் பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
கேட் திறந்துவிட்டார்கள்.
பின்னால் நூற்றிப்பத்து வண்டியும் ஒரே குரலில் திட்ட
ஓடிப்போய் ஏறினான்.
கேபினிலிருந்து பாதி உடம்பு வெளியே,
"மூணாவது, மேடம்!"

ஓட்டை வழியாக முழங்கை வரை நீட்டி
ஆட்டினேன்.

அவனும் ஆட்டினான்.
புரிந்து ஆட்டினானா,
பழக்கத்தில் ஆட்டினானா.

மேடை லேசாக அமுங்கியது. அடுத்த வண்டி.
சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.
முப்பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபது.